தோழியுடன் வியட்நாமில் ஒரு மாதம்: முதுகுப்பைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

வியட்நாமின் வரைபடத்தைக் கையில் எடுத்தவுடனேயே பயணத்தின் திசை முடிவாகிவிடுகிறது. வடக்கிலும் தெற்கிலும் அகன்று, நடுவில் மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிச் செல்லும் அந்த நாட்டில், ஹனோயையும் ஹோ சி மின் நகரத்தையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை ஏறக்குறைய எல்லா முக்கிய ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. ஹனோயில் இறங்கித் தெற்கே மெக்காங் கழிமுகம் வரை ஒரே திசையில் போய், அங்கிருந்தே ஊர் திரும்புவது ஒரு மாதப் பயணத்துக்கு மிகப் பொருத்தமான வழி. வந்த பாதையில் மீண்டும் வராமல் இருப்பதால் காசும் மிச்சம், நாளும் மிச்சம்.

என் தோழியும் நானும் அப்படித்தான் சென்றோம். அந்த மாதத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமாக நின்றுவிட்ட தருணங்களை இப்போது வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாத நேரங்களில், ரயிலிலோ படகிலோ விடியற்காலைத் தெருவிலோ கிடைத்தவை என்பது தெரிகிறது. அத்தகைய தருணங்களை முன்பதிவு செய்ய இயலாது. ஆனால் அவை வந்து சேர்வதற்கு இடம்விட்டுத் திட்டமிட இயலும். கீழே சொல்வன அனைத்தும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே.

காலமும் விசாவும்

நாடு நெடுக்காக நீண்டிருப்பதால் எல்லா ஊர்களிலும் ஒரே பருவநிலை இருப்பதில்லை. வடக்கே குளிர் விலகி, நடுப்பகுதியில் மழை ஓய்ந்து, தெற்கே இன்னும் மழைக்காலம் தொடங்காத மார்ச், ஏப்ரல் மாதங்களே வடக்கிலிருந்து தெற்கு வரை போகிறவர்களுக்கு ஏற்றவை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஹுவேயிலும் ஹோய் ஆனிலும் ஆறு பெருகித் தெருக்களுக்குள் வருவது வழக்கமானது என்பதால், நடுப்பகுதிக்கு அதிக நாள் ஒதுக்க விரும்புகிறவர்கள் அந்தக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது. ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் எனப்படும் புத்தாண்டு நாட்களில் நாடே சொந்த ஊருக்குப் புறப்படுகிறது. அப்போது ரயிலில் இடம் கிடைப்பது அரிது. சிறு உணவகங்களும் மூடியிருக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இணையவழி விசா பெறலாம். 2023 ஆகஸ்ட் முதல் இது 90 நாட்கள் வரை வழங்கப்படுகிறது. ஒருமுறை நுழைவதற்குக் கட்டணம் 25 டாலர். தரகர்களின் தளங்கள் பல இருப்பதால், அரசின் தளத்தில்தான் விண்ணப்பிக்கிறோமா என்பதை முகவரியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். தமிழர்கள் இதில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது தந்தை பெயர் அங்கே இருக்கும். விண்ணப்பத்தில் பெயரை நம் வசதிக்கு மாற்றி எழுதாமல், கடவுச்சீட்டின் அடியில் கணினி படிப்பதற்காக அச்சிடப்பட்ட வரியில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் எழுத வேண்டும். விசாவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விமான நிலையத்தில் தடை வரலாம்.

ஊர்களைக் குறைத்துக்கொள்ளுதல்

முப்பது நாட்களுக்குப் பதினைந்து ஊர்கள் என்று எழுதிக்கொண்டு வருபவர்களை வழிநெடுக விடுதிகளில் காணலாம். அவர்களுடைய பேச்சு பெரும்பாலும் அடுத்த பேருந்தைப் பற்றியே இருக்கும். ஏழு அல்லது எட்டு ஊர்கள் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஹனோய்க்கு நான்கு இரவுகள், நின் பின், ஃபோங் ன்யா, ஹுவே ஆகியவற்றுக்கு மும்மூன்று, ஹோய் ஆனுக்கு ஐந்து, நா ட்ராங்குக்கு இரண்டு, ஹோ சி மின் நகரத்துக்கு நான்கு, மெக்காங் கழிமுகத்தில் உள்ள கான் தோவுக்கு இரண்டு என்று வைத்தால், சில இரவுகள் எதற்கும் ஒதுக்கப்படாமல் கையில் நிற்கும். அந்த இரவுகளை ஊரில் இருக்கும்போதே ஏதாவது ஓர் இடத்துக்கு எழுதிவைத்துவிடக் கூடாது. பிடித்துப்போன ஊரில் தங்குவதற்கும், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஓய்வெடுப்பதற்கும் அவை வேண்டும்.

வடகோடியில் சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் மலைப்பாதை இந்தக் கணக்கில் இல்லை. 1959 முதல் 1965 வரை தொழிலாளர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே வெட்டிய சாலை அது. மா பி லெங் கணவாயில் நின்று ஆழத்தில் பச்சையாக ஓடும் ன்யோ குவே ஆற்றைப் பார்ப்பதற்காகவே பலர் இந்நாட்டுக்கு வருகிறார்கள். போக விரும்புகிறவர்கள் ஹனோயையும் கடற்கரை ஊர்களையும் சுருக்கிக்கொண்டு போகலாம். ஆனால் வண்டியைத் தாமே ஓட்டலாம் என்று எண்ணக் கூடாது. இந்தியா வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் கீழ் வருவது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அனுமதியை. ஆகவே நம் அனுமதி அங்கே செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் பணம் தர மறுக்கும். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் அமர்ந்து செல்லும் ஏற்பாடு அங்கு எளிதாகக் கிடைக்கிறது. அதுவே முறையானது, மலையைப் பார்ப்பதற்கும் அதுவே வசதி.

இருவர் சேர்ந்து பயணம் செய்யும் முறை

எவ்வளவு நெருங்கிய நட்பாக இருந்தாலும், ஒரு மாதம் இரவும் பகலும் உடனிருப்பது வேறு வகையான உறவு. புறப்படுவதற்கு முன்பே மூன்று செய்திகளை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்: ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு செய்ய இருவராலும் இயலும், எத்தனை மணிக்கு எழுந்திருக்கப் பிடிக்கும், எதை விட்டுக்கொடுக்கவே முடியாது. மூன்றாவது கேள்விக்கு ஆளுக்கு இரண்டு விடைகள் மட்டும் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டால் பிற்பாடு பேரம் இருக்காது. நான் மீ சன் கோயில்களையும் ரயிலில் ஹாய் வான் கணவாயைக் கடப்பதையும் சொன்னேன். தோழி ஃபோங் ன்யா குகைகளையும் ஹோய் ஆனில் பௌர்ணமி விளக்குகளையும் சொன்னாள். எங்கள் பயணத்தின் எலும்புக்கூடு அந்த நான்கும்தான்.

பணத்துக்கு ஒரு பொதுப்பை வைத்துக்கொள்வது மிக நல்லது. இருவரும் சம தொகை போட்டு, அறை, பயணச்சீட்டு, இருவரும் சேர்ந்து உண்ட உணவு ஆகியவற்றை அதிலிருந்தே செலுத்தி, தீர்ந்ததும் மீண்டும் சம தொகை போட்டுவிட்டால், யார் எதற்குக் கொடுத்தது என்ற கணக்கே எழுவதில்லை. துணி, பரிசுப்பொருள், தனியாகக் குடித்த காபி ஆகியவை அவரவர் பணம். பையை வைத்திருப்பவர் ஒரு செய்தியை மறக்கக் கூடாது: இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் நீல நிறத்திலேயே இருக்கின்றன. இருபதாயிரத்தில் ஹோய் ஆன் ஊரின் ஜப்பானியப் பாலத்தின் படம் இருக்கும். இருட்டில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும்போது அந்தப் பாலம் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தால் போதும்.

வேலையையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் போக்குவரத்து, மற்றவர் தங்குமிடம் என்று ஊருக்கு ஊர் மாற்றிக்கொண்டால், ஒருவரே வழிகாட்டியாகவும் மற்றவர் விருந்தாளியாகவும் ஆகிவிடும் நிலை வராது. பொறுப்பில் இருப்பவர் எடுத்த முடிவை மற்றவர் அன்றைக்குக் குறை சொல்லாமல் ஏற்பது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாரத்தில் ஒரு நாள் பிரிந்திருப்பது. காலையில் பிரிந்து இரவு உணவுக்குச் சந்திக்க வேண்டும். பகலில் எங்கே போனோம் என்று இடையில் செய்தி அனுப்பத் தேவையில்லை, பாதுகாப்புக்கு ஒரு நேரம் குறித்துக்கொண்டால் போதும். ஹோய் ஆனில் அப்படி ஒரு நாள் நான் மிதிவண்டியில் நெல்வயல்கள் வழியாக அன் பாங் கடற்கரைக்குப் போனேன். தோழி ஒரு தையற்கடையில் உட்கார்ந்து, அளவெடுப்பது முதல் பொத்தான் தைப்பது வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு நாங்கள் பேசியதுபோல அந்த மாதத்தில் வேறு எந்த இரவிலும் பேசியதில்லை. ஒருவர் பார்க்காததை மற்றவர் பார்த்து வந்திருக்கும்போதுதான் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது.

வழியில்

ஹனோயில் முதல் நாள் எதையும் பார்க்க வேண்டாம். பழைய நகரின் தெருக்களில் நடந்து, சாலையைக் கடக்கக் கற்றுக்கொண்டால் அந்த நாளின் வேலை முடிந்தது. இருசக்கர வண்டிகள் நிற்பதில்லை. நாம் ஒரே வேகத்தில், தயங்காமல், பின்வாங்காமல் நடந்தால் அவை நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இருவரும் கைகோத்துக் கடப்பது நலம், ஏனெனில் ஒருவர் நின்று மற்றவர் நகர்ந்தால்தான் ஆபத்து. விடியற்காலையில் ஹோவன் கியெம் ஏரிக்கரைக்குப் போனால் முதியவர்கள் கூட்டம் கூட்டமாக உடற்பயிற்சி செய்வதையும் நடனமாடுவதையும் காணலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1902இல் கட்டி முடித்த லாங் பியென் பாலத்தில் மாலையில் நடந்து செல்வதும் இனியது; போர்க்காலத்தில் பலமுறை குண்டுவீச்சுக்கு உள்ளாகிப் பழுதுபார்க்கப்பட்ட அந்தப் பாலத்தில் ரயில் இன்றும் ஓடுகிறது.

நின் பின் ஹனோயிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தொலைவு. ஒரே நாளில் போய் வரும் சுற்றுலாக்கள் ஏராளமாக விற்கப்படுகின்றன. அவற்றை வாங்காமல் அங்கேயே தங்க வேண்டும். பேருந்துகள் வந்து சேர்வதற்கு முன்பு, காலை ஏழு மணிக்கெல்லாம் தாம் கோக் படகுத்துறையில் இருந்தால், வயல்களுக்கு நடுவே சுண்ணாம்புக்கல் குன்றுகளின் அடியில் ஆறு வளைந்து போகும் அழகைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். அங்கே படகோட்டிகள் பின்னுக்குச் சாய்ந்து அமர்ந்து, கால்களால் துடுப்புப் போடுகிறார்கள். எங்கள் படகை ஓட்டிய அம்மா, நடுத்தர வயதைக் கடந்தவர், மூன்று குகைகளையும் தாண்டி ஒரு திருப்பத்தில் துடுப்பை நிறுத்திவிட்டுத் தாமரைத் தண்டை ஒடித்துத் தோழியின் கையில் கொடுத்தார். எங்களுக்குள் பொதுமொழி எதுவும் இல்லை. சிறிது நேரம் மூவரும் பேசாமல் இருந்தோம். முடிவில் தனியாக அன்பளிப்பு கொடுப்பது அங்கே வழக்கம். அதற்குச் சில்லறையைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

ஃபோங் ன்யாவுக்கு டோங் ஹோய் நிலையத்தில் இறங்க வேண்டும். உலகின் மிகப் பெரிய குகை என அறியப்படும் சன் டூங் இந்தத் தேசியப் பூங்காவில்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் செல்லும் பயணம் பல நாள் நீள்வது, முதுகுப்பைப் பயணிகளின் கைக்கு எட்டாத விலை கொண்டது. வருந்தத் தேவையில்லை. 31 கிலோமீட்டர் நீளமுள்ள சொர்க்கக் குகையில் முதல் ஒரு கிலோமீட்டர் வரை மரப்பாதை அமைத்திருக்கிறார்கள். பாதையின் கடைசி வரை நடந்து, அங்கே பத்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பெரும்பாலானோர் பாதி வழியிலேயே படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால் அந்த முனையில் நீர் சொட்டும் ஒலி மட்டுமே கேட்கும்.

ஹுவேயில் எங்களுக்கு ஒரு முழுநாள் மழை. 1802 முதல் 1945 வரை ஆண்ட ங்குயென் அரசர்களின் தலைநகரான அந்த ஊரில், கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் பெரும்பகுதி 1947, 1968 ஆகிய ஆண்டுகளில் நடந்த போர்களில் அழிந்துவிட்டது. மீண்டு நிற்கும் வாயில்களையும், அடித்தளம் மட்டும் எஞ்சிய புல்வெளிகளையும் மழையில் பார்ப்பது பொருத்தமாகவே இருந்தது. சைவ உணவு உண்பவர்கள் இந்த ஊரை ஆவலோடு எதிர்பார்க்கலாம். பௌத்த மடங்கள் நிறைந்த ஹுவேயில் சைவச் சமையலுக்கு நெடிய மரபு உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அசைவம் உண்பவர்கள்கூட மரக்கறி உணவுக்கு மாறுவதால், அன்றைக்குத் தெருவோரக் கடைகளிலும் அது கிடைக்கிறது. நாடு முழுவதும் ‘சாய்’ என்று எழுதிய பலகை உள்ள கடையைத் தேடிப் போனால் போதும். மற்றக் கடைகளில் இறைச்சி வேண்டாம் என்று சொல்வது மட்டும் போதாது, ஏனெனில் மீன் சாறு பெரும்பாலான குழம்புகளில் கலந்திருக்கும்.

ஹுவேயிலிருந்து டா நாங் செல்லும் ரயிலை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. 2005இல் திறக்கப்பட்ட சுரங்கச் சாலை வழியாகப் பேருந்து விரைவாகப் போய்விடும். ரயிலோ ஹாய் வான் மலையைச் சுற்றிக்கொண்டு, கடலுக்கு மேலே காட்டின் ஓரமாக ஊர்ந்து செல்லும். தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம் வரும் என்பதால் அந்தப் பக்கத்துச் சன்னல் இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். பகல் ரயிலாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2024இல் தொடங்கப்பட்ட சுற்றுலா ரயில் லாங் கோ நிலையத்தில் சற்று நின்று போகிறது. எங்கள் பெட்டியில் ஒரு பாட்டி வாழையிலையில் சுற்றிய அரிசிப் பண்டத்தை எங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தோம். அவர் அதைப் பேரனுக்குப் பாதி உடைத்துக் கொடுத்துவிட்டு மீதியைத் துணியில் முடிந்துவைத்துக்கொண்டார். ரயிலில் பகிர்ந்துகொள்ள ஏதாவது ஒரு தின்பண்டத்தை ஊரிலிருந்து எடுத்துப்போவது மிக நல்ல பழக்கம்.

ஹோய் ஆனில் சந்திர மாதத்தின் பதினான்காம் இரவு, பழைய நகரில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு விளக்குக் கூடுகளை ஏற்றுகிறார்கள். பயணத் தேதிகளை அந்த இரவுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது எளிது; நம் நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும், நாளை மட்டும் அங்குள்ள நாட்காட்டியில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டம் கடுமையாக இருக்கும். ஆற்றின் மறுகரையில் நின்று பார்ப்பதுதான் நிம்மதியானது.

அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கிறது மீ சன். இன்றைய நடு வியட்நாமில் சம் மக்கள் ஆண்ட சம்பா நாட்டின் அரசன் பத்ரவர்மன் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரேசுவரர் என்ற பெயரில் இலிங்கம் நிறுவிய இடம். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அங்கே செங்கல் கோயில்கள் எழுந்துகொண்டே இருந்தன. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அவற்றில் மிக உயர்ந்த கோபுரம் சிதைந்தது. போலந்து நாட்டுக் கட்டடக்கலைஞர் காசிமியெஷ் க்வியாட்கோவ்ஸ்கி 1980களிலிருந்து பல ஆண்டுகள் அங்கே தங்கிச் சீரமைத்தார். பின்னர் இந்தியத் தொல்லியல் துறையும் பணியில் சேர்ந்தது, 2020இல் அவர்களுடைய பணியின்போது ஒரே மணற்கல்லில் செதுக்கிய இலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே போய்விட வேண்டும். முந்தைய நாளில் டா நாங்கில் உள்ள சம் சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போனால், கோயில்களிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட சிற்பங்களை மனத்தில் அவற்றின் இடத்தில் வைத்துப் பார்க்க இயலும். இடிபாடுகளின் மேல் பனி விலகிக்கொண்டிருந்த அந்தக் காலையில், கருவறைச் சுவரின் செங்கற்கள் சுண்ணாம்புப் பூச்சின் தடமே தெரியாமல் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதைத் தோழி விரலால் காட்டினாள். வரலாற்றில் பெரிதாக ஈடுபாடு இல்லாத அவள் அங்கே என்னைவிட அதிக நேரம் நின்றாள். என்னைப் பொறுத்தவரை மாதத்தின் சிறந்த காலை அதுவே.

நா ட்ராங்கில் கடற்கரையைவிட போ நகர் கோபுரங்களுக்கு நேரம் கொடுக்கலாம். சம் மக்களின் அம்மன் அங்கே இன்று வியட்நாமியர்களின் அம்மனாகவும் வழிபடப்படுகிறாள். பிறகு இரவு ரயிலில் ஹோ சி மின் நகரம். நால்வர் படுக்கும் மென்மெத்தைப் பெட்டி, அறுவர் படுக்கும் பெட்டியைவிடச் சற்றே கூடுதல் விலை. இரவில் நன்றாக உறங்க வேண்டுமானால் அதையே எடுக்க வேண்டும்.

ஹோ சி மின் நகரத்தில் பென் தான் சந்தைக்கு அருகே, சூங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், அன்று சைகோன் எனப்பட்ட இந்நகருக்குச் சென்ற தமிழர்கள் எழுப்பியது. வட்டித்தொழில் செய்த நகரத்தார்களும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போனவர்களும் அக்காலத்தில் அந்நகரில் கணிசமாக வாழ்ந்தார்கள். பின்னாளில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். இன்று அங்கே வழிபடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும். கட்டுக்கட்டாக ஊதுவத்தி ஏற்றி, கருவறைக்குப் பின்னால் உள்ள கற்சுவரில் நெற்றியைச் சாய்த்துத் தங்கள் வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள். மாலை நேரத்தில் போய் ஒரு மூலையில் அமர்ந்திருந்தால் போதும். தமிழ் பேசுகிறவர்கள் போன பிறகும் அம்மன் அந்த ஊருக்கு உரியவளாக இருக்கிறாள் என்பது கண்முன்னே தெரியும். என் தோழி கோயில்களுக்குப் போகும் வழக்கம் உடையவள் அல்லள். அன்று அவள்தான் வாசலில் மல்லிகை வாங்கி வந்தாள்.

கான் தோவில் காய் ராங் மிதவைச் சந்தையைப் பார்க்க விடிவதற்கு முன்பே படகு ஏற வேண்டும். எந்தப் படகில் எது விற்கிறது என்பதை ஒரு மூங்கில் கழியின் நுனியில் அந்தக் காயையோ பழத்தையோ கட்டித் தொங்கவிட்டுக் காட்டுகிறார்கள். சாலைகள் வந்த பிறகு படகுகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதால், பெரிய கூட்டத்தை எதிர்பார்க்காமல் போவது நல்லது. பெரிய சுற்றுலாப் படகைத் தவிர்த்துச் சிறு படகை அமர்த்தினால் வாய்க்கால்களுக்குள்ளும் போகலாம்.

எழுதி வைத்தல்

ஒரு மாதம் என்பது நினைவில் கலங்கிப்போகும் அளவுக்கு நீண்ட காலம். ஒவ்வோர் இரவும் இருவரும் தனித்தனியே அன்றைய ஒரு தருணத்தை மூன்று நான்கு வரிகளில் எழுதி வைக்க வேண்டும்; மற்றவர் எழுதியதைக் கடைசி ஊர் வரை படிக்கக் கூடாது. கான் தோவில் நாங்கள் ஏடுகளை மாற்றிக்கொண்டபோது, இருவரும் ஒரே தருணத்தைத் தேர்ந்தெடுத்திருந்த நாட்கள் மிகக் குறைவாகவே இருந்தன. தாம் கோக்கில் தாமரைத் தண்டைப் பற்றி நான் எழுதியிருந்த அன்று, அவள் அந்த அம்மாவின் உள்ளங்காலில் இருந்த காய்ப்பைப் பற்றி எழுதியிருந்தாள்.

இதற்காகவும், பொதுப்பைக் கணக்கை முடித்துப் படங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதற்காகவும், விமானம் ஏறுவதற்கு முந்தைய ஒரு முழுப் பகலைக் காலியாக விட வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால், வேலையும் வீடும் உடனே இருவரையும் இழுத்துக்கொள்ளும். படங்கள் மாதக்கணக்கில் அவரவர் தொலைபேசியிலேயே கிடக்கும்.